மொய் நோட்டில் ஒரு திருத்தம்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, ஜூலை மாதம் இருபத்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆடி ஏழு. விடியும்போதே வானம் மூடியிருந்தது. ஆனால் ஒரு துளி விழவில்லை. மேல்காற்று மட்டும் பந்தல் துணியைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாளிலிருந்து தொடங்கினால்தான், ஐயா, தங்கள் மடியில் இருக்கும் கோப்புக்கு நான் சொல்லப்போவது பொருந்தும்.

தவறாக எண்ண வேண்டாம். பட்டுக்கோட்டையில் ஏறியதிலிருந்து தாங்கள் அந்தக் கோப்பை நான்கு முறை திறந்து மூடிவிட்டீர்கள். வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மகனா, மகளா? மகன். நல்லது. கனடாவா? அதுவும் நல்லது. நாடு எதுவானால் என்ன, அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பணம் எங்கிருந்து வந்தது? அந்த ஒரு கேள்விக்கு விடை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. தஞ்சாவூர் போய்ச் சேர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

என் பெயர் வைரக்கண்ணு. பேராவூரணிப் பக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் பேசிய தமிழையே வீட்டிலும் பேருந்திலும் பேசிப் பழகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னால், ஓட்டுநருக்குப் பின்வரிசையில், மஞ்சள் பையை மடியில் வைத்திருப்பவள் என் மனைவி அஞ்சம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்களுக்கு ஒரே மகள், பூங்கோதை.

அந்தப் பூங்கோதைக்கு அயர்லாந்தில், மேற்குக் கடற்கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், கடற்பாசி வளர்ப்பு பற்றிய முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. கடற்பாசியா என்று தாங்கள் கேட்கவில்லை, நன்றி. எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். மல்லிப்பட்டினத்துக் கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் படிக்க விமானம் ஏற வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கரையில் கிடப்பது தங்களுக்குக் குப்பை, அவளுக்குப் பாடம் என்றேன்.

படிப்புக்கும் ஓராண்டு உணவு உறையுளுக்குமாக இருபத்தேழு இலட்சம். என்னிடம் இருந்தது பன்னிரண்டரை. தென்னந்தோப்பு இருந்தது, ஆனால் கஜா புயலில் நூற்றுப் பத்து மரமும் விழுந்து, நட்டுவைத்த கன்றுகள் அப்போதுதான் இடுப்பளவு நின்றன. வங்கிக்குப் போனேன். "கன்னுக்கு மதிப்பு போட முடியாது சார். பிணை இல்லாம ஏழரை வரைக்கும் பார்க்கலாம். உங்களுக்கு உத்தரவாதமா ஒருத்தர் கையெழுத்து போடணும்" என்றார் மேலாளர். என் கையெழுத்துக்கு இன்னொருவன் கையெழுத்து உத்தரவாதமா? ஆயிரக்கணக்கான சான்றிதழ்களில் ஒப்பமிட்ட கை இது. எழுந்து வந்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேன்.

அன்று மாலை அஞ்சம்மாள் சொன்னாள்: "ஏங்க, ஒரு மொய் விருந்து வச்சிருவோம்."

தங்களுக்கு எந்த ஊர்? கும்பகோணமா? அப்படியானால் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி பிறந்துவிட்டால் பணம் தேவைப்படுகிறவர் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி சமைத்து, ஊர் ஊராக அழைப்பிதழ் வைப்பார். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். முன்பு அவர் தங்களுக்கு எழுதியதைத் திருப்பி எழுதுவது பழைய நடை. அதற்கு மேல் தம் பங்குக்கு வைப்பது புதுநடை. அந்தப் புதுநடையை அவர் நாளை திருப்ப வேண்டும். வட்டியில்லை, பத்திரமில்லை, உத்தரவாதக் கையெழுத்துமில்லை. நோட்டு ஒன்றுதான் சாட்சி.

"நான் யாரிடமும் கையேந்தியதில்லை, அஞ்சம்மாள்" என்றேன்.

"ஏந்த வேணாம். போட்டதைத்தான எடுக்கப்போறோம்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் போட்ட உழைப்பைச் சொல்கிறாள் என்று கொண்டேன். அவ்வாறு கொண்டதில் பிழையில்லை என்பதே இன்றும் என் கருத்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மொய் விஷயத்தில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. எவர் வீட்டு விருந்தானாலும் நூற்றொரு ரூபாய். கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. எழுதிவிட்டு, உண்டுவிட்டு, உடனே கிளம்பிவிடுவேன். அஞ்சம்மாள்தான் பின்தங்குவாள். பாத்திரம் கழுவ ஒத்தாசை செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு மேசை போட்டோம். ஒன்றில் என் பழைய மாணவன் சிங்கமுத்து, மற்றொன்றில் அவன் தம்பி. பதினொரு மணிக்குள் பந்தல் நிறைந்துவிட்டது. ஐயா, நான் நெகிழ்ந்துபோனேன். ஆவணம் கிராமத்திலிருந்து வந்தார்கள், திருச்சிற்றம்பலத்திலிருந்து வந்தார்கள், கீரமங்கலத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். எல்லோரும் என்னிடம் "சார், நல்லாருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நேரே அஞ்சம்மாளிடம் போய்விட்டார்கள். என்னிடம் படித்தவர்களுக்கு இன்றும் என்மேல் அச்சம் போகவில்லை. என்ன செய்வது? கண்டிப்பின் விளைவு.

மேசையருகே போனேன். சிங்கமுத்து உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தான்: "வாத்தியார் வூட்டு அஞ்சம்மக்காவுக்கு, பழைய நடை எட்டாயிரம், புதுநடை ரெண்டாயிரம்!"

"யார் பெயரில் எழுதுகிறாய்?" என்றேன்.

"அவங்க சொல்றதைத்தான சார் எழுதணும்."

"விருந்து வைப்பவர் யார்?"

"நீங்கதான் சார்."

"அழைப்பிதழில் யார் பெயர்?"

"உங்க பேருதான் சார்." அவன் நிமிரவேயில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வரிசை நிக்குது."

பத்தாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் பென்சில் சீவிக்கொண்டே பொழுதைப் போக்கியவன். தள்ளி நில்லுங்கள் என்கிறான்.

மாலையில் எண்ணிப் பார்த்தோம். நானூற்று எண்பத்தாறு பேர். பதினாறு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய். செலவு போகப் பதினான்கு இலட்சத்து எண்பதாயிரம் நின்றது. மறுநாள் காலை நோட்டுகளைப் பிரித்தேன். நானூற்று முப்பத்தொரு இடங்களில் அஞ்சம்மாள் என்று இருந்தது. என் பெயரில் ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து பேரும் ஆளுக்குச் சரியாக நூற்றொன்று எழுதியிருந்தார்கள். நான் கற்பித்த ஒழுங்கு அது என்று பெருமைப்பட்டேன்.

சரி, தாங்கள் சொல்லுங்கள். விருந்து என் பெயரில். பணம் போகப்போவது என் வங்கிக் கணக்கில். மகளின் படிப்புச் செலவை ஏற்பவர் என்று விண்ணப்பத்தில் இருப்பதும் என் பெயர். நோட்டில் மட்டும் வேறொரு பெயர் இருந்தால் அது முரண்தானே? ஆகவே திருத்தினேன். சிவப்பு மை, அளவுகோல், ஒரே நேர்க்கோடு. மேலே என் முழுப்பெயர். ஓரத்தில் என் சுருக்கொப்பம். நானூற்று முப்பத்தொன்றும். காலை எட்டுக்குத் தொடங்கி மாலை நான்குக்கு முடித்தேன். ஒளித்துச் செய்யவில்லை, கூடத்தில், எல்லோரும் பார்க்கத்தான் செய்தேன். அஞ்சம்மாள் இரண்டு முறை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சான்றிதழ்களைப் படியெடுக்கப் பட்டுக்கோட்டை போயிருந்த பூங்கோதை திரும்பி வந்து பார்த்ததும், "அப்பா! எதுக்குப்பா இதுல கை வச்சீங்க?" என்றாள்.

"பிழை திருத்தினேன்."

"இதென்ன பரீட்சை பேப்பரா?"

வேறு நோட்டு எழுத நேரமில்லை. எழுதினால் அது பொய் நோட்டாகிவிடும். அதையே படியெடுத்து, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி, ஜூலை முப்பத்தொன்றில் நுழைவிசைவுக்கு விண்ணப்பித்தோம். நுழைவிசைவு என்றால் விசா. தாங்கள் விசா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு இருபத்தொன்பதில் மறுத்து எழுதினார்கள். ஒரே நாளில் பெருந்தொகை கணக்கில் வந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பது நிறுவப்படவில்லை. ஆதாரமாகத் தந்த பதிவேட்டில் பணம் பெற்றவரின் பெயர் பெரும்பாலான இடங்களில் அடிக்கப்பட்டு வேறு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எனவே அதனை ஏற்க இயலாது. இவ்வளவுதான். இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாமாம்.

வேறு பெயர்! என் பெயர் ஐயா அது! முப்பத்து நான்கு ஆண்டுகளில் எவனும் என் விடைத்தாள் திருத்தத்தைக் கேள்வி கேட்டதில்லை. கடல் கடந்து எவரோ ஓர் அலுவலர், முகம் தெரியாதவர், என்னை மோசடிக்காரன் என்று சொல்லாமல் சொல்கிறார்.

நாங்கள் போன ஆலோசனை மையத்து இளைஞன் ஒரு வழி சொன்னான். "மொய்யெல்லாம் அவங்களுக்குப் புரியாது சார். எங்களுக்குத் தெரிஞ்ச ஃபைனான்ஸ்காரர் இருக்கார். உங்க கணக்குல ஆறு மாசம் பணத்தைப் போட்டுக் காட்டுவார். ரெண்டு பர்சன்ட்தான்."

"தம்பி, அந்தப் பணம் எவருடையது என்று கேட்டால் என்ன சொல்வாய்?"

"உங்களதுன்னு சொல்லிக்க வேண்டியதுதான் சார். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"இன்னொருவர் பணத்தை என்னுடையது என்று சொல்லி என் மகள் படிக்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தங்களிடமும் சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். அதனால்தான் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து பார்க்கிறீர்கள். மறுத்துவிடுங்கள் ஐயா.

"ஏங்க! அவரு தூங்கணுமோ என்னமோ, விடுங்களேன்!"

கேட்டீர்களா? முன்வரிசையிலிருந்து இவ்வளவு தூரம் காது நீளுகிறது. அவர் தூங்கவில்லை, அஞ்சம்மாள்! அவரே கேட்கிறார்!

மேல்முறையீட்டை நானே எழுதினேன். பத்தொன்பது பக்கம். மொய் என்பது யாது, அதன் வகைகள் யாவை, அது கடனினின்றும் கொடையினின்றும் எவ்வாறு வேறுபடும் என்று படிப்படியாக விளக்கியிருந்தேன். அலுவலரின் கடிதத்தில் இருந்த அவசரத்தையும் ஒரு பக்கத்தில் சுட்டியிருந்தேன். பூங்கோதை படித்தாள். முழுவதும் படித்தாள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அப்பா, அவங்க கேக்குறது ஒரே கேள்வி. இந்தப் பணம் யாரோடது?"

"என்னுடையது."

"எப்படி? ஊருக்கெல்லாம் நூத்தியொண்ணு எழுதுன உங்களுக்கு ஒருத்தர் எதுக்கு எட்டாயிரம் திருப்பி எழுதணும்?"

"மரியாதை" என்றேன்.

அப்போது அஞ்சம்மாள் கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். கீற்று முடைந்துகொண்டிருந்தவள், கையில் ஓலைத் தூசு. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து மகளின் முன்னால் வைத்தாள். என் முன்னால் அன்று, மகளின் முன்னால். பதினொரு நோட்டுகள். நாற்பது பக்க நோட்டுகள். பள்ளியில் மிஞ்சியவை என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டவை.

"இதப் பாரு கோதை. நான் போட்டதெல்லாம் இதுல இருக்கு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டிலிருந்து இருந்தது. ஊர், பெயர், என்ன விசேஷம், எவ்வளவு. கீற்று முடைந்த காசு, பால் ஊற்றிய காசு, முட்டை விற்ற காசு. முதலில் ஐம்பது, நூறு. பிறகு ஐந்நூறு. பிறகு ஆயிரங்கள். நான் நூற்றொன்று எழுதிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்த நேரத்தில் இவள் தன் பெயரில் தனியாக எழுதிவிட்டு வந்திருக்கிறாள். இருபத்தைந்து ஆண்டுகள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தா அதையும் நூத்தியொண்ணுல நிறுத்தியிருப்பீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பக் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டாள்.

முதல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே இருபத்து மூன்று எழுத்துப் பிழைகள். என் கை சட்டைப் பைக்குப் போனது, பழக்கம்தான், வேறொன்றுமில்லை. பூங்கோதை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா. பேனாவை மூடுங்க."

மூடினேன்.

நான்கு நாள் உட்கார்ந்து விருந்து நோட்டையும் இவற்றையும் ஒப்பிட்டாள். விருந்தில் அஞ்சம்மாளுக்கு வந்த நானூற்று முப்பத்தொரு பழைய நடையும் அவளே தன் நோட்டில் எழுதியிருந்ததோடு ரூபாய் பிசகாமல் பொருந்தியது. ஒன்றில்கூட வேறுபாடு இல்லை. அதற்கு மேல் வந்ததெல்லாம் புதுநடை. ஆறாம் வகுப்பே படிக்காதவள். ஆனால் ஐயா, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: அவள் கீற்று முடைந்த ஓலை என் தோப்பு ஓலை. மாடு கட்டியிருந்த கொட்டகை நான் போட்டது. மூலம் என்று பார்த்தால் அது என்னிடம்தான் வந்து நிற்கும். இதனைப் பூங்கோதையிடம் சொன்னேன். அவள் பட்டியலின் அடுத்த வரிக்குப் போனாள். மறுப்பில்லை என்று கொள்ளலாம்.

பணத்தை அஞ்சம்மாளின் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினோம். செலவை ஏற்பவர் பெயரும் மாறியது. என் பத்தொன்பது பக்கம் போய், பூங்கோதை எழுதிய ஒரு பக்கமும் ஓர் ஒப்பீட்டுப் பட்டியலும் வந்தன. கடைசியாக ஒரு தாள் பாக்கி. அதில் நான் கையெழுத்திட வேண்டும். 'விருந்துப் பதிவேட்டில் திருத்தங்களைச் செய்தவன் நான். முதலில் எழுதப்பட்டிருந்த பெயரே சரியானது.' இரண்டே வாக்கியம்.

முதல் வாக்கியத்துக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவதில்தான். 'முதலில் எழுதப்பட்டிருந்த பெயரும் தவறன்று' என்று மாற்றித் தருகிறேன் என்றேன். பூங்கோதை ஒப்பவில்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. அக்டோபர் இருபத்தெட்டு கடைசி நாள்; இருபத்தைந்தாம் தேதியும் கடந்தது.

"கடைசி நாள் கடந்துவிட்டால்?" என்றேன் அவளிடம்.

"போகட்டும். நான் இங்கயே கெடக்குறேன். மல்லிப்பட்டினத்துல மீன் கம்பெனியில எடை போட ஆள் கேக்குறாங்க. ஆனா அம்மா பேரை அடிச்சுப்புட்டு அந்தக் காசுல நான் போகமாட்டேன்."

"அது அடித்தல் அன்று, திருத்தம்."

"அப்பா, நீங்க முப்பத்து நாலு வருஷமா எத்தனை பேருக்குத் தப்புன்னு எழுதியிருப்பீங்க. ஒருத்தராவது சரிங்கய்யான்னு ஏத்துக்காம இருந்தாங்களா? ஒரு தடவை உங்களுக்கே எழுதிக்குங்களேன்."

அஞ்சம்மாளைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்வாள், அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "கையெழுத்து போட்டா போடட்டும், போடாட்டிப் போகட்டும். நான் போட்டது நான் போட்டதுதான்" என்றாள், மீனைப் பார்த்து.

அப்போது மின்சாரமும் இல்லை, வெளிச்சமும் போதவில்லை. தாளை வாசலுக்கு எடுத்துப் போய், எழுதியிருந்தபடியே, ஓர் எழுத்தையும் மாற்றாமல், கையெழுத்திட்டேன். தவறு என்று ஒப்புக்கொண்டதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. மகளின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காக மட்டுமே இட்டேன். அலுவலரிடமும் நான் பணியவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் அவ்வாறு ஒரு குறிப்பும் எழுதினேன். பூங்கோதை முன்பக்கத்தை மட்டும் படியெடுத்து அனுப்பிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தஞ்சாவூர் நெருங்கிவிட்டது.

டிசம்பர் மாதம் பதினான்காம் நாள் மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அதற்குள் அந்த ஆண்டு வகுப்பு தொடங்கிவிட்டிருந்ததால், பல்கலைக்கழகம் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஆகஸ்டில் பூங்கோதை திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்பினாள். உள்ளே போகுமுன் முதலில் தாயின் காலைத் தொட்டாள்; பிறகு என் காலை. பெயர்களின் அகரவரிசைப்படி அதுவே முறை. ஓராண்டில் படிப்பை முடித்தாள். இப்போது அங்கேயே ஒரு கடற்பாசிப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். மழை அதிகம் என்கிறாள்.

விருந்துக்கு வந்தவர்கள் வைத்த புதுநடையைத் திருப்பி எழுதுகிறோம். இரண்டு ஆடி போயிற்று. பாதிக்கு மேல் முடிந்தது. எந்த விருந்துக்குப் போனாலும் மேசையில் அஞ்சம்மாளின் பெயரைக் கேட்கிறார்கள். பூங்கோதை மாதாமாதம் அனுப்பும் பணம் அவள் அம்மாவின் கணக்குக்கு வருகிறது. எடுப்பதற்கு வங்கிக்கு இருவரும் போகிறோம். படிவத்தை நான் நிரப்புகிறேன். கையெழுத்தை அவள் போடுகிறாள்.